பதினொன்றாம் கேள்வி

பதினொன்றாம் கேள்வியைத்
தமிழில் எழுதியது நான்தான்.
"உங்கள் குழந்தை நாளொன்றுக்கு
எத்தனை மணி நேரம் திரை பார்க்கிறது?"
கீழே நான்கு கட்டங்கள்.
ஏதேனும் ஒன்றில் சரி போடவும்.

பாயான் லெப்பாஸ், புதன்கிழமை, காலை எட்டரை.
இரவு ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலைப் பேருந்திலிருந்து
நேரே வந்திருக்கிறாள் தமயந்தி.
தலையுறையின் விளிம்பு அழுத்திய கோடு
நெற்றியில் இன்னும் சிவந்திருக்கிறது.
பிள்ளையை வாசலில் கைமாற்றிவிட்டு
குணாளன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.
கணவனும் மனைவியும் சந்தித்துக்கொள்வதே
இப்படி வாசல்களில்தானாம்.

பன்னிரண்டு மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்து
கைபேசிகளுக்குள் போகும் சில்லுகளில்
கீறல் தேடுகிறவள்.
அவளுடைய திரை நேரத்தை
எந்தப் படிவமும் கேட்டதில்லை.

பிள்ளைக்கு இரண்டரை வயது. யுவனேஷ்.
பேச்சு வரவில்லை என்று
காப்பகத்தார் எழுதிய கடிதம்
நான்காய் மடிந்து அவள் பையில்.

பெயர், பிறந்த எடை, தாய்ப்பால் எத்தனை மாதம்,
மளமளவென்று இறங்கிய பேனா
பதினொன்றில் நின்றது.
"எதெல்லாம் கணக்கு, டாக்டர்?"
நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சியாளர்.
திருத்துவதை விட்டு வெகுநாளாயிற்று.
"டிவி, ஃபோன், கார்ட்டூன், எல்லாமே."
"நான் கூப்பிடறதும்?"

ஒன்பதரைக்கு அவளுக்கு முதல் இடைவேளை.
லாக்கர் அறையில் நின்றபடி
"ஆ..." என்று வாயைத் திறப்பாள்.
சுங்கை டுவாவில்
பால்மாவு டின்மேல் சாய்த்த ஃபோனைப் பார்த்து
அவனும் திறப்பான்.
அந்தச் சமயம் பார்த்து குணாளன்
கரண்டியை உள்ளே விடுவான்.
சில நாள் படம் உறைந்துவிடும்.
அம்மா மறுபடி அசையும்வரை
திறந்த வாயோடு காத்திருப்பான்,
சோறு கன்னத்தில் காய.

"இருபது நிமிஷம்தான், டாக்டர்.
அதுக்கப்புறம் அவர் துணி துவைச்சுக் காயப்போடணும்,
கார்ட்டூன் போட்டு விட்ருவார்.
அதை நான் மறைக்கலை."

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில்
முந்நூறு பெற்றோர் முன்னால் சொன்னேன்:
"திரை ஒருநாளும் தாயாகாது."
கைதட்டினார்கள்.
எனக்கே பிடித்துப்போய்
இன்னொரு தடவை சொன்னேன்.

"ஒரு சொல்கூடச் சொல்வதில்லையா?"
"ஒண்ணு சொல்வான்."
தன் ஃபோனை மேசையில் வைத்தாள். அணைந்த திரை.
மடியிலிருந்து வழுக்கி இறங்கி
கறுத்த கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி
"ம்மா" என்றான்.
அம்மா அவன் முதுகுக்குப் பின்னால்
சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் ஃபோனை அவளிடம் கொடுத்து
வெளியே போய் அழைக்கச் சொன்னேன்.
மேசையில் அவள் முகம் எழுந்தது. சிரித்தான்.
பேசிக்கொண்டே கதவைத் திறந்து வாருங்கள் என்றேன்.
வந்தாள்.
ஒரே குரல் இரண்டு பக்கமிருந்து,
ஒன்று சற்றுப் பிந்தி.
திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரையை.
கையிலிருந்த பிஸ்கட்டைக்
கண்ணாடிக்கு ஊட்டினான்.
தூள் கொட்டியது.
குனிந்து அவள்
பாதியைக் கடித்துவிட்டாள்.

அவ்வளவுதான், வீறிட்டான்.
பிஸ்கட் போன கோபம்.
சீருடைச் சட்டையைப் பிடித்து உலுக்கி
அவள் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்து
என்னவோ கத்தினான்.
சொல்லா, வெறும் சத்தமா,
என்னால் தீர்மானிக்க முடியவில்லை.
கண்ணைப் பார்த்தான் என்று மட்டும்
எழுதிக்கொண்டேன்.

மாலை, படிவத்தைக் கணினியில் ஏற்றினேன்.
பதினொன்றை அவள் நிரப்பவே இல்லை.
காலியாக விட்டால்
அடுத்த பக்கத்துக்கு நகர மாட்டேன் என்கிறது.
இரண்டு தடவை முயன்றேன்.
பிறகு மூன்றாம் கட்டத்தில்
நானே சரி போட்டேன்.

கீழே தொழிற்சாலைப் பேருந்துகள்
ஒன்றன்பின் ஒன்றாய்த் திரும்புகின்றன.
மணி ஆறரை.
ஒன்பதரைக்கு இன்னும் மூன்று மணி நேரம்.